பையன்கள் பள்ளியில் ஆண்டு மலரும் நாடகமும்: புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்களுக்கு

ஜூனில் பள்ளி திறந்ததும் நடக்கிற முதல் ஆசிரியர் கூட்டத்தில் பொறுப்புகளைப் பிரிப்பார்கள். சாரணர் இயக்கம், தேர்வுப் பணி, விளையாட்டு விழா எல்லாம் பழைய ஆட்களிடமே போய்விடும். கடைசியில் 'மலர்' (பள்ளியின் ஆண்டு இதழ்), 'நாடகம்' என்று இரண்டு மிஞ்சும். தமிழ் எடுக்க வந்த புது ஆசிரியரின் பெயரை அதற்கு நேரே எழுதிவிடுவார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கத்தோலிக்க ஆண்கள் உயர்நிலைப் பள்ளிகளில் அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாணவர்களும் படிக்கலாம், பாதி வேலை அவர்களுடையதுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியரே மலரை எழுதி, வெளியூர் மாஸ்டர் வந்து நாடகத்தைப் பழக்கி, பையன்கள் பெயரை மட்டும் போட்டுக்கொள்வது நிறைய இடங்களில் நடக்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போன வருஷமே எல்லாம் நின்றுவிடும். கொஞ்சம் கோணல்மாணலாக வந்தாலும் பையன்கள் கையால் வருவதுதான் நிற்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த நினைப்பில் சொல்வது.

ஜூனில் கேட்டு வைக்க வேண்டியவை

முதல் வாரத்திலேயே தலைமையாசிரியரையும் தாளாளர் ஃபாதரையும் பாருங்கள். ஆண்டு விழா எந்த மாதம், மலருக்கு எவ்வளவு பணம், அச்சுக்குப் போகுமுன் கடைசியாகப் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுவார்கள். அப்புறம் பக்கமெல்லாம் கட்டி முடித்த நாளில், "ஆயர் ஆசிச் செய்தி வரலையே, நிறுத்துங்க" என்று குரல் வரும். ஆயர், கல்வி அதிகாரிகள், முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் என்று யாரிடமெல்லாம் வாழ்த்துச் செய்தி வாங்க வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் அக்டோபரிலேயே கடிதம் போய்விட வேண்டும்.

அடுத்து நூலக அலமாரியைக் குடைந்து பழைய மலர்களை எடுங்கள். பழைய பள்ளியாக இருந்தால் 1997-க்கு முந்தைய மலர்களில் சேலம் ஆயரின் ஆசிச் செய்திதான் இருக்கும். அந்த ஆண்டில்தான் தருமபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரிப் பள்ளியின் முகவரியிலும் 2004 வரை 'தருமபுரி மாவட்டம்' என்றுதான் இருக்கும், 1965-க்கு முன்பென்றால் இரண்டு ஊருமே சேலம் மாவட்டம். 'நம் பள்ளி வரலாறு' எழுத உட்காருகிற பையன்கள் தடுமாறுவது இங்கேதான். இந்த மூன்று ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதித் தமிழ் மன்ற அறையில் ஒட்டிவிடுங்கள்.

சரி, நாட்காட்டி. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் பொங்கல் விடுமுறை, அதற்குப் பிறகு பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு. உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிகிறது என்பதால் மூத்த பையன்கள் என்று நம்பி உட்காரப் பத்தாம் வகுப்பு ஆகாது. காலாண்டுக்குப் பிறகு அவர்களை விட்டுவிடுங்கள், பெற்றோரோடு சண்டை வராது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இதழாசிரியர் குழு, எட்டாம் வகுப்பிலிருந்து துணை ஆட்கள் என்று வைத்துக்கொண்டால் அடுத்த ஆண்டுக்கு ஆள் தயாராக இருக்கும்.

ஆள் பிடிப்பது

அறிவிப்புப் பலகையில் 'ஆர்வமுள்ளோர் பெயர் தரவும்' என்று எழுதினால், வழக்கமாகப் பேச்சுப் போட்டிக்கு வருகிற அதே பையன்கள்தான் வருவார்கள். அவர்களும் வேண்டும், ஆனால் அவர்கள் மட்டும் போதாது. வகுப்பு வகுப்பாகப் போய்க் கேளுங்கள்: யார் நன்றாகப் படம் போடுவான், யார் ஆசிரியர் மாதிரியே பேசிக் காட்டுவான், யாருடைய கையெழுத்து அழகு, யார் வீட்டில் பம்பையோ மிருதங்கமோ இருக்கிறது? வகுப்பே விரலை நீட்டிக் காட்டிவிடும். அப்படிக் காட்டப்படுகிறவன் பெரும்பாலும் கடைசி பெஞ்சில் இருப்பான். அவனைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு ஆசிரியர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, அவரிடம் போய் நீங்களே பேசுங்கள்.

இந்த இரண்டு மாவட்டத்திலும் வீட்டில் தெலுங்கு, கன்னடம், உருது பேசுகிற பையன்கள் உண்டு. 'தமிழ் சரியா வராது சார்' என்று அவர்களே ஒதுங்கிக்கொள்வார்கள், விடாதீர்கள். கேட்டதை அப்படியே பேசிக் காட்டும் திறமை இவர்களிடம் கூடுதலாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். மேடையில் அது பெரிய சொத்து.

நேரம் குறிக்கும்போது விடுதிப் பையன்களையும் பஸ் பையன்களையும் சேர்த்து யோசியுங்கள். மாலை ஐந்துக்கு மேல் ஒத்திகை என்றால் பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகிறவன் வர முடியாது, குழு முழுக்க விடுதிப் பையன்களாகிவிடும். எழுத்து வேலைக்கு மதிய இடைவேளை, ஒத்திகைக்கு வாரத்தில் இரண்டு நாள் கடைசிப் பாடவேளை என்று தலைமையாசிரியரிடம் எழுதியே வாங்கிவிடுங்கள்.

முதல் படி சுவர் இதழ்

நேராக ஆண்டு மலருக்குப் போகாதீர்கள். ஜூலையில் சுவர் இதழைத் தொடங்குங்கள். ஒரு தெர்மோகோல் பலகை, ஏ4 தாள், ஸ்கெட்ச் பேனா, குண்டூசி போதும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை மாற்றுங்கள். இடம் முக்கியம். தலைமையாசிரியர் அறை வாசலில் வைத்தால் எவனும் நின்று படிக்க மாட்டான். தண்ணீர்க் குழாய்க்குப் போகிற வழியில், நிழலில் வையுங்கள். எழுத்து பையன்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும். தன் கையெழுத்தை நண்பர்கள் படிக்கிறார்கள் என்றால் ஒற்றுப்பிழையைக்கூட அவனே கவனிப்பான்.

வருகிற கட்டுரைகளில் பாதி 'மரம் வளர்ப்போம்', 'நேரம் தவறாமை', இணையத்தில் எடுத்த விடுகதை என்று இருக்கும். திட்டாமல் கேள்வி கேட்டு வேறு பக்கம் திருப்புங்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் ஒருவன் 'மாம்பழம்' என்று எழுதிக்கொண்டு வருகிறான் என்று வையுங்கள். 'மாம்பழம் முக்கனிகளுள் ஒன்று. அது உடலுக்கு நல்லது' என்று தொடங்கியிருப்பான். அவனை உட்காரவைத்து விசாரியுங்கள். உங்கள் தோப்பில் என்ன காய்? பெங்களூரா ரகம். எங்கே போகிறது? கூழ் தொழிற்சாலைக்கு. காயை யார் பறிப்பது, கீழே விழாமல் எப்படி இறக்குவது? லாரி எத்தனை மணிக்கு வரும்? கழித்துவிட்ட காயை என்ன செய்வீர்கள்? விலை இறங்கின வருஷம் அப்பா என்ன சொன்னார்? அவன் வாயால் சொல்வதைச் சொன்ன வரிசையிலேயே எழுதச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாக்கியத்தை நீங்கள் அடிக்க வேண்டியதில்லை, அவனே அடித்துவிடுவான்.

இந்தப் பக்கத்துப் பையன்களுக்கு விஷயப் பஞ்சமே கிடையாது. வயல்வரப்பில் நடுகல் நிற்கிற ஊர்கள் இங்கே ஏராளம், தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்களைப் பார்க்கலாம். ஒருவன் தன் ஊர்க் கல்லைப் பார்த்து வரைந்து, வீரன் கையில் என்ன இருக்கிறது, ஊரார் அதை என்ன பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள் என்று எழுதினால் அதற்கு முன் எந்தப் 'பொன்மொழிகளும்' நிற்காது. பட்டுக்கூடு அங்காடி, புளி அடிக்கிற காலம், ஒகேனக்கல் பரிசல், கே.ஆர்.பி. என்கிற கிருஷ்ணகிரி அணை, கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்வரும் அப்பா எல்லாமே கட்டுரைதான். பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கிறது. 1913-இல் 'ஞானபானு' என்ற பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர், 1925-இல் அங்கேதான் இறந்தார். இதழ் நடத்தப் போகிற பையன்கள் பார்த்துவர வேண்டிய இடம்.

இரண்டு விதிகளில் மட்டும் கறாராக இருங்கள். எந்தப் பையனையும் பட்டப்பெயர் சொல்லியோ, சாதி, நிறம், உடம்பு பற்றியோ கேலி செய்யும் எதுவும் பலகையில் ஏறக்கூடாது. ஆசிரியரைப் பற்றிய நகைச்சுவை என்றால் அந்த ஆசிரியரிடமே முதலில் காட்டிவிட வேண்டும். பெரும்பாலும் சிரித்துவிட்டு, 'போட்டுக்கோ' என்பார்.

ஆண்டு மலர்

சுவர் இதழில் வந்தவற்றிலிருந்தே மலருக்குப் பாதி கிடைத்துவிடும். மீதியைக் காலாண்டு விடுமுறை முடிவதற்குள் வாங்கிவிடுங்கள். நவம்பரில் டி.டி.பி. (கணினியில் பக்கம் கட்டுவது), ஜனவரி தொடக்கத்தில் அச்சகம்.

பக்கக் கணக்கை முதலில் முடிவு செய்யுங்கள். நடுவில் பின் அடிக்கிற மலர் என்றால் மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். எட்டு, பதினாறு என்று ஃபாரம் (ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) கணக்கில் வந்தால் தாள் வீணாகாது. ஐம்பது பக்கம் என்று போய் நின்றால் அச்சகக்காரர் 48 அல்லது 52 என்பார், அங்கே நின்றுகொண்டு எவன் கவிதையை வெட்டுவது என்று யோசிக்கக்கூடாது. உள்பக்கம் கறுப்பு வெள்ளை, 70 ஜி.எஸ்.எம். கனமுள்ள சாதாரண மேப்லித்தோ தாள் போதும். வகுப்புப் படங்களுக்கு மட்டும் ஒரு வண்ண ஃபாரம், மேலே வழவழப்பான கெட்டித் தாளில் (ஆர்ட் போர்டு) அட்டை. எல்லாப் பக்கமும் வண்ணத்தில் வேண்டும் என்று யாராவது சொன்னால் விலையைக் கேட்டுச் சொல்லுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

எழுத்துரு விஷயத்தில் கவனம் வேண்டும். பையன்கள் செல்போனில் அடிப்பது யூனிகோடு. பல டி.டி.பி. கடைகளில் பக்கம் கட்டுவது இன்னும் பழைய எழுத்துருக்களில்தான். மாற்றும்போது 'ஸ்ரீ', 'ஔ' போன்றவை கெட்டுப்போகும், கொம்பு இடம் மாறும், ஒற்றுப்புள்ளி காணாமல் போகும். 'யூனிகோடிலேயே பக்கம் கட்டுவீர்களா?' என்று வேலை கொடுக்கும் முன்பே கேளுங்கள். இல்லை என்றால் மாற்றிய பிறகு வருகிற முதல் புரூஃபை (திருத்தப் படியை) மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒருவன் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவன் புரூஃபில் விரல் வைத்துக்கொண்டு போவதுதான் சரியான வழி. பெயர்ப் பட்டியலுக்கு இதை இரண்டு முறை செய்யுங்கள். கட்டுரையில் பிழை வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், வகுப்புப் படத்துக்குக் கீழே பையன் பெயர் தப்பாக வந்தால் அம்மா வந்து நிற்பார்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்குங்கள். அச்சுக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவு வேண்டும். பையன்களின் வீட்டு முகவரி, தொலைபேசி எண் மலரில் வேண்டவே வேண்டாம்.

காப்பியடித்த கவிதை நிச்சயம் வரும். ஒரு வரியைத் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பழைய எழுத்தாளர் ஒருவரின் பகுதியை எடுத்துப் போட ஆசை என்றால் அரசு படைப்புகளை நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களிடமிருந்து எடுங்கள், பெயரைத் தெளிவாகப் போடுங்கள். நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு.

விளம்பரம் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை: பையன்களைக் கடை கடையாக அனுப்பாதீர்கள். முன்னாள் மாணவர்களிடம் பெரியவர்களே கேட்கட்டும்.

நாடகம்: கதை

ஆண்டு விழாவில் சினிமாப் பாட்டு நடனங்களுக்கு நடுவே நாடகத்துக்குக் கிடைப்பது இருபது நிமிடம். அதைவிட அதிகம் கேட்காதீர்கள். இருபது நிமிட நாடகத்துக்குப் பேசுகிற பாத்திரம் எட்டு, பேசாத கூட்டம் எத்தனை பேர் வேண்டுமானாலும். கூட்டத்தில் ஆறாம் வகுப்புச் சின்னப் பையன்களைப் போடுங்கள், அவர்கள்தான் நாளைய நடிகர்கள்.

கத்தோலிக்கப் பள்ளிக்கு நாடகம் புதிதல்ல. ஐரோப்பாவில் இயேசு சபைக் (ஜெசுவிட்) கல்லூரிகள் 16-ஆம் நூற்றாண்டிலேயே மாணவர் நாடகம் போட்டன. சலேசிய சபையை நிறுவிய தொன் போஸ்கோ இத்தாலியின் டூரினில் பையன்களை வைத்து நடத்திய இல்லத்திலும் மேடை இருந்தது. அதனால் ஃபாதர் மறுப்பாரோ என்று தயங்க வேண்டாம். பல ஃபாதர்கள் குருமடத்தில் படிக்கும்போது வேஷம் கட்டியவர்களாகவே இருப்பார்கள், பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் நாடகம் அரையாண்டுத் தேர்வோடு மோதும். அதனால் அதைப் பத்து நிமிடத்துக்குள், வசனம் குறைவாக, பின்குரலோடு முடித்துக்கொள்ளுங்கள். சூசையப்பரும் மரியாளும் சத்திரம் சத்திரமாக இடம் கேட்டு அலையும் காட்சி ஒன்றே போதும். ஏரோதுக்கு மட்டும் நல்ல குரல் உள்ளவனைப் பிடியுங்கள். இடையர், ஞானிகள் வேஷத்துக்கு எல்லா மதத்துப் பையன்களும் போட்டி போடுவார்கள். 'கோயிலுக்கு வருகிறவர்கள் மட்டும்' என்று பிரிக்காதீர்கள்.

ஆண்டு விழாவுக்குச் சொந்தக் கதை எழுதுங்கள். ஊரிலிருந்தே எடுக்கலாம்: அதியமானும் நெல்லிக்கனியும் தகடூர்க் கதை, தகடூர் என்பது நம் தருமபுரிதான். அல்லது பள்ளியை விட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் துடிக்கும் பையனின் கதை. பையன்களையே எழுதச் சொன்னால் முதல் வடிவத்தில் அண்ணன் இப்படிப் பேசுவான்: 'தம்பி! கல்வியைக் கைவிட்டால் உன் எதிர்காலம் என்னவாகும் என்று சிந்தித்தாயா?' உங்க அண்ணன் வீட்டில் இப்படியா பேசுவான் என்று கேளுங்கள். வகுப்பு சிரிக்கும். அப்புறம் எவனாவது ஒருவன் சொல்வான்: 'டேய், பத்தாவது மட்டும் முடிச்சிட்டு வா. சென்ட்ரிங் வேலை எங்கயும் ஓடிப் போயிடாது.' அதை எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் காட்சியில் எல்லாரும் வரிசையாக நின்று அறிவுரை சொல்வது வேண்டாம். அண்ணன் பஸ் ஏறுகிறான், தம்பி பையைத் தூக்கிக்கொண்டு திரும்புகிறான், விளக்கு அணைகிறது. போதும்.

வேறொருவர் எழுதிய நாடகத்தைப் போடுவதானால், பார்ப்பவர்கள் மாணவர், ஆசிரியர், பெற்றோர், பள்ளியைச் சார்ந்தவர் என்ற அளவில் இருக்கும்வரை 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கல்விக்கூடங்களுக்கு விலக்குத் தருகிறது. நன்றாக வந்தது என்று டவுன் ஹாலில் டிக்கெட் போட்டு நடத்தினால் கதை வேறு, எழுதியவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

பெண் வேடம்

ஆண்கள் பள்ளியில் எல்லாரும் இடறுகிற இடம் இது. சேலை கட்டி ஒரு பையனை மேடையேற்றினால் அரங்கம் சிரிக்கும், அந்தச் சிரிப்புக்காகவே சிலர் அம்மா பாத்திரத்தை எழுதுவார்கள். விழா முடிந்த பிறகு அந்தப் பையன் வருஷம் முழுக்கப் பட்டப்பெயரோடு திரிய வேண்டியிருக்கும். 1599-இல் வெளியான இயேசு சபைக் கல்வி விதிகள், பெண் பாத்திரமோ பெண் உடையோ மேடையில் வரவே கூடாது என்று சிக்கலை ஒரே வரியில் தீர்த்துக்கொண்டன. நமக்கு அந்த வழி வேண்டியதில்லை, நம் மரபு வேறு. தெருக்கூத்தில் திரௌபதியாக ஆடுவது ஆண்தான், ஊர் கைகூப்பிப் பார்க்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபையில் எல்லா வேஷமும் பையன்களே போட்டார்கள். அங்கே வளர்ந்த டி.கே. சண்முகம் பின்னாளில் ஔவையாராக நடித்தே 'ஔவை சண்முகம்' ஆனார். அதியமான் கதையைப் போடுகிறவர்கள் இதைப் பையன்களிடம் சொல்லியே தொடங்கலாம்.

செய்முறை இது: அந்தப் பாத்திரத்தைக் குழுவிலேயே நன்றாக நடிப்பவனுக்குக் கொடுங்கள், மெலிந்த பையன் என்பதற்காகக் கொடுக்காதீர்கள். அவனுக்கும் வீட்டாருக்கும் சம்மதமா என்று தனியாகக் கேளுங்கள். கீச்சுக்குரல் கூடாது, தன் குரலிலேயே கொஞ்சம் மெதுவாகப் பேசட்டும். எட்டு ஒன்பதாம் வகுப்பில் குரல் உடையும் வயது, வலிந்து உயர்த்தினால் மேடையிலேயே பிசிறும். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே தோளில் ஒரு துண்டைப் போட்டு நடக்கவிடுங்கள். விழா அன்று சேலை புதிதாகத் தெரியாது, மற்ற பையன்களும் சிரித்து முடித்திருப்பார்கள்.

ஒத்திகை

முதல் வாரம் உட்கார்ந்து படிப்பது மட்டும். இரண்டாம் வாரம் நடந்து பேசுவது. மூன்றாம் வாரம் தாளைக் கீழே வைத்துவிட வேண்டும். பக்கவாட்டிலிருந்து வசனம் எடுத்துக் கொடுக்க ஒரு பையனை நிரந்தரமாக வையுங்கள், விழா அன்றும் அவனேதான். யாருக்காவது காய்ச்சல் வந்தால் அந்த வேஷத்துக்கும் அவனே தயாராக இருப்பான், மொத்த வசனமும் அவனுக்குத்தான் தெரியும்.

செலவில்லாமல் கூத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். கோடையில் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடக்கும். ராஜா வேஷம் உள்ளே வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடித்துக்கொள்வார்கள், அதன் பின்னால் நின்று பாடி, பிறகுதான் முகம் காட்டுவார். செட் மாற்றப் பணமில்லாத பள்ளிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு சின்னப் பையன்கள், ஒரு வண்ண வேட்டி. காட்சி மாறிவிட்டது, அவ்வளவுதான். கூத்தில் கதை சொல்லிச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரன் மாதிரி ஒருவனை வைத்துக்கொண்டால் காட்சிக்குக் காட்சி கதையையும் அவனே இணைத்துவிடுவான், நடுவில் தாளாளர் வந்து அமர்ந்தால் அதற்கும் ஒரு வசனம் போடுவான். பக்கத்து ஊர்க் கூத்து வாத்தியார் யாராவது ஒரு நாள் வந்து அடவும் நடையும் காட்டித் தந்தால் இன்னும் நல்லது. பயணச் செலவும் ஒரு சால்வையும் பள்ளி தரட்டும்.

விழா நாள்

மைதானத்து மேடையில் காற்று அடிக்கும். இரண்டு நின்ற மைக்குகளை முன்னால் வைத்து, பேசுகிறவன் அதற்கு ஒரு கை தூரத்துக்குள் வருவதுபோல் நடமாட்டத்தை முதலிலேயே அமைத்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் காலையிலேயே இரண்டு வசனம் பேசிக் காட்ட நேரம் கேளுங்கள். நாடகத்தை நிகழ்ச்சியின் கடைசியில் வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டால் வெட்டுப்படுவது நாடகம்தான், பஸ் பையன்களின் பெற்றோரும் அதற்குள் கிளம்பிவிடுவார்கள். பரிசளிப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

உடை மாற்றும் அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்து இருக்க வேண்டும், செல்போன் உள்ளே போகக்கூடாது. அரிதாரம் பூசுமுன் தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவினால் பின்னால் துடைத்தெடுக்கச் சுலபம். ஒட்டுமீசைப் பசை சிலருக்குத் தோலில் தடிக்கும், முந்தின நாளே கையில் தடவிப் பாருங்கள்.

மறுநாள் காலை வாடகை உடை, விக், நகையை எண்ணித் திருப்பிக் கொடுங்கள், ஒரு நாள் தாமதமானாலும் காசு ஏறும். நாடகப் பிரதியில் கடைசி நேரத்தில் மாற்றிய வசனங்களையும் சேர்த்து நல்லபடியாக எழுதச் சொல்லி, நடித்தவர்கள் பெயரோடு கோப்பில் வையுங்கள். மலரில் பத்துப் பிரதிகளை நூலகக் கணக்கில் ஏற்றிவிடுங்கள். மன்ற அலமாரிச் சாவிகளில் ஒன்றை எட்டாம் வகுப்புத் துணை இதழாசிரியனிடம் கொடுத்துவிடலாம், ஜூனில் பலகையைத் துடைத்து முதல் தாளைக் குத்தப் போவது அவன்தான்.